சாஹேல்: மழை வரைந்த எல்லை

மாலியில் ராணுவ ஆட்சி, நைஜரில் பஞ்சம், சுருங்கிப்போன சாட் ஏரி என்று ஆப்பிரிக்கச் செய்தி எதைப் படித்தாலும் சாஹேல் என்ற பெயர் கூடவே வரும். வரைபடத்தில் தேடினால் அப்படி ஒரு நாடு கிடையாது, எல்லைக்கோடும் கிடையாது. சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பை ஒட்டிய நிலப்பட்டை அது.

அரபியில் சாஹில் என்றால் கரை. சஹாராவைக் கடலாக வைத்துப் பார்த்தால் பெயர் விளங்கிவிடும். வாரக்கணக்கில் மணலில் நடந்து வரும் ஒட்டகக் கூட்டம் கரையேறும் இடம் அது. மாலியின் திம்புக்டு அப்படியொரு துறைமுகம். வடக்கே தவுதெனியில் வெட்டிய உப்புப் பாளங்கள் ஒட்டகத்தில் வந்து இங்கே இறங்கும், அப்புறம் நைஜர் ஆற்றில் படகேறும்.

மேற்கே செனகலிலிருந்து கிழக்கே எரித்திரியா வரை 5,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இந்தப் பட்டையின் எல்லையைப் போடுவது மழைதான். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடங்களை இணைத்தால் வட எல்லை, 600 மில்லிமீட்டர் என்றால் தென் எல்லை. இந்த அளவுகளை ஆய்வாளர்கள் கொஞ்சம் முன்பின்னாக வைப்பதும் உண்டு. தாவரவியலாளர்கள் தரையையே பார்த்துச் சொல்வார்கள்: 'கிராம்-கிராம்' என்ற புல் எங்கே முளைக்கத் தொடங்குகிறதோ, அங்கே பாலைவனம் முடிகிறது. அதன் முள்காய் துணியிலும் கால்நடைகளின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டே ஊர் ஊராகப் பரவும். நம் கம்பும் இந்த மண்ணின் பயிர்தான். மாலியில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிரிட்டதற்குச் சான்று கிடைத்திருக்கிறது.

அந்த மழை எப்படி வருகிறது? கோடையில் சஹாரா கொதிக்கும்போது அங்கே காற்றழுத்தம் குறைகிறது. கினி வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. வெப்பமண்டல மழைப்பட்டை அதோடு வடக்கே ஏறி, ஆகஸ்டில் உச்சத்தைத் தொட்டு, செப்டம்பருக்குப் பின் தெற்கே திரும்பிவிடுகிறது. சாஹேலுக்கு மழைக்காலம் அந்த மூன்று நான்கு மாதம் மட்டும்தான். பட்டை ஓர் ஆண்டு சற்றுத் தெற்கிலேயே நின்றுவிட்டால் வட விளிம்பில் புல்கூட முளைக்காது. ஆகவே கரை ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. ஃபுலானி மேய்ப்பர்கள் மழையோடு வடக்கே போய், வறண்டதும் தெற்கே இறங்குவது இதனால்தான்.

1960களின் இறுதியில் தொடங்கிய வறட்சி 1980கள் வரை மீண்டும் மீண்டும் வாட்டியது. ஆடுமாடு அதிகமாக மேய்ந்து நிலம் மொட்டையானதே காரணம் என்றார்கள். 1975ல் ஜூல் சார்னி என்ற வானிலை விஞ்ஞானி அதற்கு ஓர் இயற்பியல் விளக்கமும் தந்தார்: புல் போன நிலம் வெயிலை அதிகம் எதிரொளிக்கும், மேலே காற்று கீழிறங்கும், மழை குறையும். பின்னாளில் வந்த கணினி மாதிரிகள் வேறொன்றைக் காட்டின. மழைப்பட்டையைத் தெற்கே பிடித்துவைத்ததில் பெரும்பங்கு அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல்களின் வெப்பநிலை மாற்றத்துக்கு. நிலத்தின் நிலை அதைத் தீவிரப்படுத்தியது, அவ்வளவுதான். எங்கோ கடல் சூடானதற்கான பழியை மேய்ப்பர்கள் இத்தனை காலம் சுமந்தது பெரிய அநியாயம்.

அந்த வறட்சியால்தான் பெயரும் அரசியலுக்குள் வந்தது. 1973ல் சாஹேல் நாடுகள் வறட்சிக்கு எதிராக ஒரு கூட்டுக்குழு அமைத்தன. அட்லாண்டிக் நடுவே தீவுகளாகக் கிடக்கும் கேப் வர்டியும் பிறகு அதில் சேர்ந்தது. வறட்சி அங்கேயும் அதே வறட்சிதானே. 2023ல் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் சாஹேல் நாடுகளின் கூட்டணி என்று தனியாக அணி சேர்ந்தன. இன்று செய்தியில் சாஹேல் என்றால் பெரும்பாலும் இந்த மூன்றுதான். மழைக்கணக்கில் சாஹேலுக்குள் வரும் சூடானின் வடக்கு டார்ஃபூரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. புர்கினா ஃபாசோவின் தெற்கிலோ 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது, அது சவானாப் புல்வெளி. அந்த நாட்டிலேயே சாஹேல் என்ற பெயரைப் பல காலம் வடகோடியில், டோரி நகரைத் தலைநகராகக் கொண்ட ஒரே ஒரு மாகாணத்துக்குத்தான் வைத்திருந்தார்கள்.