சாவியை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள்

வெள்ளவத்தையில் கணினி திருத்துவதுதான் என் தொழில். போன மாதம் கணக்காளர் அக்கா ஒருவர் தன் லப்டொப்பைக் கொண்டுவந்தார். "தம்பி, பாஸ்வேட் மறந்துபோச்சு, உள்ளுக்குள்ள இருக்கிறத எடுக்க ஏலுமா?" நாலைந்து கடைகளின் சம்பளப் பட்டியல், வேலையாட்களின் அடையாள அட்டைப் பிரதிகள், எல்லாம் அதற்குள். அடிமூடியைக் கழற்றி, ஹாட் டிஸ்க்கை எடுத்து, என் கணினியில் யூஎஸ்பி வயரால் கொழுவினேன். அவர் பிளேன்டீ குடித்து முடிக்கவில்லை, பைல்கள் எல்லாம் திரையில் வந்துவிட்டன. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிப்போனது.

"அப்ப இத ஓட்டோவில விட்டிருந்தாலும் இப்படித்தானா?"

ஓம் அக்கா, இப்படித்தான்.

விண்டோஸ் பாஸ்வேட் வாசலில் நிற்கும் காவலாளி மட்டும்தான், டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போகிறவனுக்கு வாசல் எதற்கு? டிஸ்க்கில் எழுதப்படுவதையே யாருக்கும் விளங்காதபடி மாற்றி எழுதுவதுதான் மறைகுறியாக்கம். விண்டோஸ் ப்ரோவில் அதற்கு பிட்லொக்கர் இருக்கிறது, மக்கில் பைல்வோல்ட், லினக்ஸில் லக்ஸ். மூன்றுக்கும் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. பென்டிரைவுக்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் நல்லது. இன்னும் அதன் முன்னோடியான ட்ரூகிரிப்ட் வைத்திருப்பவர்களைக் காண்கிறேன், அது 2014 இலேயே கைவிடப்பட்டது, மாறிவிடுங்கள்.

சரி, போட்டுவிட்டால் முடிந்ததா? இல்லை. என்னிடம் அழுதுகொண்டு வருபவர்களில் திருட்டுக் கொடுத்தவர்களைவிடத் தாங்களே பூட்டி மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

ஒரு கெம்பஸ் தம்பி பிட்லொக்கர் போட்டிருந்தான், மதர்போர்ட் பழுதாகி எங்கேயோ மாற்றியிருக்கிறான். டிஸ்க்கைத் திறக்கும் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பின் பொறுப்பில் இருப்பதால், புதிய போர்டால் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது. நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. "அத பிடிஎப் ஆக்கி வச்சிருக்கன் அண்ணா." எங்கே? அதே லப்டொப்பின் டெஸ்க்டொப்பில்! மைக்ரோசொப்ட் கணக்கில் சேமித்திருந்தால் போனிலேயே பார்த்து எடுத்திருக்கலாம், அவனோ கணக்கே போடாமல் பாவித்தவன். இறுதியாண்டு ஆய்வு முழுக்க அதற்குள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் மட்டுமல்ல, யாராலும் முடியாது. அதற்காகத்தானே பூட்டுவது.

இதில் இன்னொன்று, புதிய லப்டொப்கள் பலவற்றில் மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்நுழைந்தவுடன் மறைகுறியாக்கம் தானாகவே வந்துவிடும். போட்டதே தெரியாமல் பலர் இருக்கிறார்கள். இன்றைக்கே செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு: இன்ஸ்டோல் பண்ணும்போதே மறைகுறியாக்கம் வேண்டுமா என்று கேட்கும் பெட்டியில் டிக் போடுவதுதான் சுலபம், பிறகு செய்வது தலையிடி. லக்ஸில் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஹெடர் என்று, திறக்கும் சாவியைப் பூட்டி வைத்திருக்கும் சின்னப் பகுதி உண்டு, அது பழுதானால் சரியான பாஸ்வேட் தெரிந்தும் பயனில்லை. அதற்கொரு பிரதி எடுத்து வேறு பென்டிரைவில் வையுங்கள்.

அப்புறம், மூடியை மட்டும் மூடிக்கொண்டு பஸ் ஏறுகிற பழக்கம். ஸ்லீப்பில் இருக்கும்போது சாவி ரெம்மிலேயே, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்திலேயே கிடக்கும். பயணம் என்றால் முழுதாக நிறுத்துங்கள். லொகின் பாஸ்வேட் 1234 என்றால் இவ்வளவு பாடும் வீண், பிட்லொக்கர் வழமையாகத் தானே டிஸ்க்கைத் திறந்துவிட்டு உங்களை லொகின் திரையில்தான் நிறுத்தும்.

அக்காவுக்குப் புதிய பாஸ்வேட் போட்டு, பைல்களை முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துவிட்டுத்தான் பிட்லொக்கரைத் தொடக்கினேன். 48 இலக்கத்தையும் இரண்டு தாளில் அச்சிட்டோம், ஒன்று அவர் வீட்டு அலுமாரிக்கு, மற்றது தெஹிவளையில் தங்கச்சி வீட்டுக்கு. பழைய ஹாட் டிஸ்க், சார்ஜரில் போட்டபடி இரவு முழுக்க ஓடியும் முடியவில்லை. அடுத்த நாள் பின்னேரம்தான் வந்து எடுத்துக்கொண்டு போனார்.