பென்டகன் சமையலறையில் நின்ற தோட்டாவும் வியாசர்பாடி கேரம் போர்டும்

2000-இல் தொடங்கிய எக்ஸ்-மென் வரிசையின் பழைய நடிகர்களும், 2011-இல் அதே பாத்திரங்களின் இளமைக்கு வந்த புதியவர்களும் ஒன்றாக நடித்த படம் 2014-இல் வந்த 'எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்'. கதை எதிர்காலத்திலும் 1973-இலுமாக மாறி மாறி நடக்கும். சார்லஸ் சேவியராக எதிர்காலத்தின் முதுமையில் பேட்ரிக் ஸ்டூவர்ட், 1973-இல் ஜேம்ஸ் மெக்அவாய். மேக்னெட்டோவாக அங்கே இயன் மெக்கெல்லன், இங்கே மைக்கேல் ஃபாஸ்பெண்டர். இரண்டு காலத்துக்கும் நடுவில் ஹியூ ஜாக்மேன். இத்தனை பேர் இருந்தும் படம் பார்த்தவர்கள் முதலில் பேசுவது இவான் பீட்டர்ஸ் செய்த, மின்னல் வேகப் பாத்திரமான குவிக்சில்வர் பென்டகன் சமையலறையைச் சுற்றி ஓடும் காட்சியைத்தான். தண்ணீர்த் துளிகள் அந்தரத்தில் தொங்க, தோட்டாக்கள் நத்தை வேகத்தில் நகர, அவன் மட்டும் சாவகாசமாக ஓடி ஒவ்வொரு தோட்டாவையும் விரலால் தட்டித் திசை மாற்றுவான்.

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடுகிறது. அந்தக் காட்சிக்கு ஃபேன்டம் என்ற அதிவேகக் கேமராவில் விநாடிக்கு 3,000 ஃபிரேமுக்கு மேல் எடுத்தார்கள். கணக்குக்கு 3,000 என்றே வைத்துக்கொள்வோம். அதை 24-இல் ஓட்டினால் காலம் 125 மடங்கு நீளும். ஒரு விநாடி, திரையில் இரண்டு நிமிடம் ஐந்து விநாடி ஆகிவிடும்.

இந்த 125 எதற்குப் போதும், எதற்குப் போதாது? மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி தரைக்கு வரும்போது விநாடிக்குச் சுமார் 7.7 மீட்டர் வேகத்தில் இருக்கும். 125-ஆல் வகுத்தால் திரையில் விநாடிக்கு 6 சென்டிமீட்டர். கண்ணுக்கு அது மிதப்பதுபோலத்தான் தெரியும். துப்பாக்கித் தோட்டா விநாடிக்குச் சுமார் 375 மீட்டர். அதையும் 125-ஆல் வகுத்தால் 3 மீட்டர் வருகிறது. அதாவது திரையில் தோட்டா ஓடும், ஊராது. விநாடிக்கு 10 சென்டிமீட்டர் ஊர வேண்டுமென்றால் 90,000 ஃபிரேம் எடுக்க வேண்டும். ஆகவே தோட்டாக்கள் கணினியில் பிறந்தவை. துளிகளிலும் பறக்கும் சமையல் பாத்திரங்களிலும் பெரும்பகுதி அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் ரைசிங் சன் பிக்சர்ஸ் அவற்றை உருவாக்கியது. நிஜமான அதிவேகப் பதிவு அருகில் இருந்ததால்தான், கணினித் துளி எப்படி உருள வேண்டும், ஒளியை எப்படி வாங்க வேண்டும் என்று அவர்களால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். காட்சி இன்றும் பொய்யாகத் தெரியாததற்கு அது முக்கியக் காரணம்.

இவ்வளவு வேகம் எடுக்கும்போது முதலில் தட்டுப்படுவது வெளிச்சம். 24 ஃபிரேமில் வழக்கமாக ஒவ்வொரு படத்துக்கும் 1/48 விநாடி ஒளி கிடைக்கும். 3,000 ஃபிரேமில் 1/6000 விநாடிதான். ஒளிப்பதிவாளர் கணக்கில் இது ஏழு ஸ்டாப் இழப்பு; ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும். ஒரு விளக்கு போதுமாக இருந்த இடத்தில் 125 விளக்கு வேண்டும். ஒளியை உணரும் திறனான ஐஎஸ்ஓவை 100-லிருந்து 12,800-க்கு ஏற்றலாம், ஆனால் இருட்டுப் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். லென்ஸின் துவாரமான அபர்ச்சரைத் திறக்கலாம், ஆனால் ஃபோகஸ் ஆழம் விரலளவுக்குச் சுருங்கி, ஓடி வருபவர் அடுத்த அடியிலேயே மங்கிப் போவார். கேமரா வாடகையைவிட லைட் செலவு முந்துவது இதனால்தான்.

இதையே நம் ஊர்க் கேரம் போர்டில் பார்க்கலாம். 2008-இல் கேரம் உலக சாம்பியன் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-இல் உலகக் கோப்பை வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டை. வட சென்னையின் இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு போர்டு உண்டு. ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மிகாது. நல்ல அடியில் அது விநாடிக்கு 5 மீட்டர் போகிறது என்று கொண்டால், போர்டைக் கடக்க 0.15 விநாடி. சாதாரண 24 ஃபிரேமில் நான்கு படம்கூடக் கிடைக்காது. ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரைக்கர் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுபட்ட கோடாக விழும். போனில் 240 ஃபிரேம், 1/480 ஷட்டர் (ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரம்) வைத்தால் 36 படம், இழுப்பு ஒரு சென்டிமீட்டர். 1/6000-இல் இழுப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பவுடர் எழும்புவது துகள் துகளாகத் தெரியும். ஆனால் ஸ்ட்ரைக்கரும் காயினும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவு. 3,000 ஃபிரேமிலும் அந்த மோதல் ஒரு படத்தில் சிக்கினால் அதிர்ஷ்டம்.

கேரம் ஆடும் மன்றத்து விளக்கின் கீழ் போனில் ஸ்லோமோஷன் எடுப்பவர்கள் எல்லோருக்கும் வரும் தொல்லை ஒன்று உண்டு: படம் பளிச் பளிச்சென்று துடிக்கும். போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம் தொடுவதால் பழைய சோக் போட்ட ட்யூப்லைட்டும், மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 240 ஃபிரேமில் ஒரு துடிப்புக்கு 2.4 படம். ஒன்று உச்சத்தில் விழும், அடுத்தது பள்ளத்தில். அதை 30 ஃபிரேமில் ஓட்டும்போது துடிப்பு விநாடிக்கு 12.5 முறையாகக் கண்ணில் குத்தும். 1/100 ஷட்டர் வைத்தால் துடிப்பு அடங்கும் என்பது சாதாரண வீடியோவுக்குச் சரி. 240 ஃபிரேமில் ஒரு படத்துக்கு 1/240 விநாடிக்கு மேல் நேரமே கிடையாது. 3,000 ஃபிரேமில் வேறு மாதிரி ஆகும்: ஒரு துடிப்பு 30 படங்களில் பரவி, திரையில் ஒன்றேகால் விநாடிக்கு ஒருமுறை மூச்சு வாங்குவதுபோல வெளிச்சம் ஏறி இறங்கும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஸ்பாட்டிலேயே தடுப்பதுதான் வேலை.

பெரிய யூனிட்கள் 5 கிலோவாட், 10 கிலோவாட் டங்ஸ்டன் விளக்கு வைப்பதன் காரணம் இதுதான். தடித்த இழை சூடாறுவதற்குள் அடுத்த உச்சம் வந்துவிடுவதால் வெளிச்சம் அசையாது. பகல் வெளிச்சம் தரும் எச்எம்ஐ விளக்கு என்றால், அதன் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த அதிவேக எலக்ட்ரானிக் பலாஸ்ட் கேட்டு வாங்க வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் மூன்று விளக்கை மூன்று ஃபேஸில் பிரித்துப் போட்டு ஒரே இடத்தை அடிக்கலாம். ஒன்றின் பள்ளத்தை மற்றவை நிரப்பும். இந்த இணைப்பை எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

மன்றத்துக்கு எளிய வழி 12 வோல்ட் பேட்டரியும் பழைய ஹாலஜன் ஹெட்லைட் பல்பும். பேட்டரி தரும் டிசி மின்சாரத்தில் துடிப்பே இல்லை. 55 வாட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும்; 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரம் நிம்மதியாகத் தரும், அதற்கு மேல் இறக்கினால் பேட்டரி கெடும். பாசிட்டிவ் வயரில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். பல்பைக் கையால் தொட்டால் விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கண்ணாடி வெடிக்கலாம். துணியால் பிடித்து மாட்டவும். பேட்டரி எல்இடி பேனல் வைத்திருந்தால் முழு வெளிச்சத்தில் வையுங்கள். பலவற்றில் வெளிச்சத்தைக் குறைத்தால் விளக்கு வேகமாக அணைந்து அணைந்து எரியும், பழைய துடிப்பு திரும்ப வந்துவிடும்.

போனில் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் அழுத்திப் பிடித்துப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் கை குறுக்கே வரும்போதெல்லாம் வெளிச்சம் மாறும். 960 ஃபிரேம் என்று விளம்பரம் செய்யும் பல போன்கள் நடுப்படங்களை மென்பொருளால் கற்பனை செய்கின்றன. மோதும் நொடியில் காயினின் விளிம்பு உருகி ஒன்றோடொன்று ஒட்டுவதுபோல் தெரிந்தால் அது கற்பனைப் படம். 240 ஃபிரேமில் எடுத்ததை எடிட்டிங்கில் 24 ஃபிரேம் டைம்லைனில் வைத்துப் பத்து மடங்கு நீட்டுவது அதைவிட நம்பகமானது.

பெரிய கேமரா அட்டையில் நேரடியாக எழுதுவதில்லை. 1920×1080 அளவில், 12 பிட்டில், 3,000 ஃபிரேம் என்றால் விநாடிக்கு 9.3 ஜிபி. அதனால் கேமராவுக்குள் இருக்கும் ரேமில் சுழற்சியாக எழுதிக்கொண்டே இருக்கும். 64 ஜிபி ரேமில் கடைசி ஏழு விநாடிகூட முழுதாக நிற்காது. எனவே சம்பவம் முடிந்த பிறகு பொத்தானை அழுத்துவார்கள். அவசரத்தில் அடுத்த டேக்கை ஆரம்பித்தால் நகலெடுக்காத முந்தைய டேக் போய்விடும். சென்சார் சூடேறினால் நிலையான கோடுகள் படியும். லென்ஸை மூடி கருப்பு அளவைத் திரும்ப எடுக்க வேண்டும்.

தண்ணீரைப் படம் பிடிக்க ஒளி பின்னாலிருந்து வர வேண்டும். முன்னால் அடித்தால் துளி கண்ணாடிபோல் மறைந்துவிடும். இதற்கு வட சென்னைக் கடற்கரை தோதான இடம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கொட்டியிருக்கும் கற்களில் அலை மோதித் தெறிக்கிறது, காலைச் சூரியன் கடல் பக்கம். எட்டரை, ஒன்பது மணிக்குக் கடலைப் பார்த்து எடுத்தால் ஒவ்வொரு துளியும் விளிம்பில் மின்னும்; பிற்பகலில் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும், அதே சாரல் வெறும் வெள்ளைப் புகையாகத் தெரியும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100-இலும் அபர்ச்சரை எஃப்/2 அளவுக்குத் திறந்தால் 1/6000 ஷட்டர் கிடைக்கும். சாரல் பட்ட லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத் துகள் கீறிவிடும். முதலில் காற்றடித்து, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.