மிகைப்படுத்துவதும் உயர்வு நவிற்சியும் ஒன்றா?

"எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டு வெறும் உயர்வு நவிற்சி என்று அமைச்சர் மறுத்தார்." மொழிபெயர்த்துப் போடும் செய்திகளில் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. படங்களுக்குப் போடும் தமிழ் வசன வரிகளிலும் பார்க்கிறேன். சண்டையின் நடுவில் மனைவி கணவனிடம் "உயர்வு நவிற்சியாகப் பேசாதே" என்கிறாள். தமிழ் பேசும் எந்த வீட்டிலும் இப்படி ஒரு வாக்கியம் பிறக்காது. அகராதியில் முதலில் அகப்பட்ட சொல்லை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்.

உள்ளதைவிடக் கூட்டிச் சொல்வதற்குத் தமிழில் நேரான சொல் மிகைப்படுத்துதல். பெயராக வேண்டுமென்றால் மிகைப்படுத்தல், மிகைக்கூற்று. மிகு என்ற வினையிலிருந்து வந்தது மிகை. அளவுக்கு மேற்பட்டது, வேண்டாத சுமை என்ற பொருளில் குறளிலேயே இருக்கிறது: பிறப்பறுக்க முயல்பவர்களுக்கு "உடம்பும் மிகை" என்கிறார் வள்ளுவர். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் அடுக்கும்போது, 'குன்றக் கூறல்' என்பதற்கு அடுத்தே 'மிகைபடக் கூறல்' வருகிறது. அங்கே அதற்கு, தேவைக்கு மேல் சொல்வது என்று பொருள். இன்றைய பொருள் அதிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். ஆக, இது நேற்று யாரோ உட்கார்ந்து ஆக்கிய சொல் இல்லை.

சரி, உயர்வு நவிற்சி எங்கிருந்து வந்தது? அது அணி இலக்கணத்தின் சொல். வடமொழியில் அதிசயோக்தி என்பார்கள்: அதிசயம், உக்தி. உக்தி என்றால் கூற்று. அதிசயம் என்பதற்கு வடமொழியில் மேம்பாடு, மிகுதி என்பதே முதற்பொருள். தமிழில் அதிசயம் வியப்பாகிவிட்டதால், "இதில் அதிசயோக்தி ஒன்றுமில்லை" என்று ஆச்சரியப்பட ஏதுமில்லை என்ற பொருளில் சிலர் எழுதுகிறார்கள். அது பிழை. அணிகளுக்கு இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரம் இந்த அணிக்கு 'அதிசயம்' என்றே பெயர் வைத்து, ஆன்றோர் வியக்கும்படி அது அமைய வேண்டும் என்கிறது. நாம் பள்ளியில் படித்தது உயர்வு நவிற்சி அணி என்ற பெயரில். நவிலுதல் என்றால் சொல்லுதல், அழகான தமிழ். சொல்லின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை வைக்கும் இடம்தான் தவறு.

பாடநூலில் வரும் அந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த நீரில் குளித்தால் கூதல் அடிக்கும், வெந்நீரில் குளித்தால் மேல் கருக்கும் என்று பாதாள கங்கையையே பாடி அழைக்கிறார் தாத்தா. கேட்கிற யாரும் அதை நம்பப் போவதில்லை, நம்ப வேண்டுமென்று பாடுகிறவருக்கும் எண்ணமில்லை. பேரப்பிள்ளை மேல் தாத்தாவுக்குள்ள பாசம் அந்த அளவு என்பது மட்டும் நமக்கு வந்து சேர்கிறது. சொல்பவர், கேட்பவர் இருவருக்கும் தெரிந்தே நடக்கும் அழகு அது. மிகைப்படுத்துகிறவரோ நாம் நம்ப வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஐந்நூறு பேர் வந்த கூட்டத்தை ஐயாயிரம் என்பவர், நாம் ஐயாயிரம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறார். இதற்குப் போய் அணியின் பெயரைக் கொடுத்தால், குற்றம் சாட்ட வேண்டிய இடத்தில் கவிஞர் பட்டம் கொடுத்தது போல ஆகிறது.

நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சாட்சி சில இடங்களில் மிகைப்படுத்திச் சொன்னார் என்பதற்காகவே அவருடைய சாட்சியம் முழுவதையும் நம் நாட்டு நீதிமன்றங்கள் தள்ளிவிடுவதில்லை. உண்மையைப் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். மிகைப்படுத்தல் என்றாலே உள்ளே ஓர் உண்மை உண்டு, அதன் மேல் ஏற்றிய பாரம் உண்டு என்ற வேறுபாடு அங்கே ஒருவருடைய சிறைவாசத்தையே தீர்மானிக்கும். அந்தத் தீர்ப்பைத் தமிழில் எழுதும்போது "சாட்சி உயர்வு நவிற்சியாகக் கூறினார்" என்று எழுத முடியுமா?

இன்னொரு சிக்கல், அந்த 'உயர்வு'. எல்லா மிகையும் மேலே போவதில்லை. "வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை", "எனக்கு எள்ளளவும் தெரியாது" என்பவை இல்லாமையைக் கூட்டிச் சொல்பவை. வறுமையை மிகைப்படுத்தலாம், நோயை மிகைப்படுத்தலாம், நட்டத்தை மிகைப்படுத்தலாம். இவற்றோடு உயர்வு என்ற சொல் ஒட்டவே ஒட்டாது. மிகை எந்தப் பக்கம் போனாலும் பொருந்தும்.

பெரிதுபடுத்துதல் என்ற சொல்லையும் இதற்கு மாற்றாக எழுதுகிறார்கள். அது கொஞ்சம் வேறு. "இதைப் பெரிதுபடுத்தாதீங்க" என்றால் விட்டுவிடுங்கள், பிரச்சினையாக்காதீர்கள் என்று பொருள். நடந்ததை நடந்தபடியே சொல்லிக்கொண்டும் ஒரு விஷயத்தைப் பெரிதுபடுத்தலாம். சொல்லில் கூட்டுவதுதான் மிகைப்படுத்துவது.

பேச்சு வழக்கில் நம்மிடம் இருக்கும் செல்வத்தை இந்த மொழிபெயர்ப்பாளர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. நடந்ததோடு கொஞ்சம் சேர்த்தால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வது. எண்ணிக்கையைக் கூட்டினால் ஒன்றைப் பத்தாக்குவது. சிறிய செய்தியைப் பரபரப்பாக்கினால் ஊதிப் பெருக்குவது. தற்பெருமை கலந்தால் அளப்பது. உண்மையே இல்லாவிட்டால் கதை கட்டுவது, கயிறு திரிப்பது. அங்கே மிகை முடிந்து பொய் தொடங்கிவிடுகிறது. பில்டப் என்பதும் இப்போது தமிழாகிவிட்டது. ஆள் வருவதற்கு முன்னால் ஏற்றிவிடுகிற ஏற்பாட்டை அது சரியாகவே பிடிக்கிறது, அதை விரட்ட வேண்டியதில்லை. சண்டை போடும் அந்த மனைவிக்கு "சும்மா அளக்காதே" போதும், அல்லது "ஒண்ணுக்குப் பத்தாச் சொல்லாதே".

மிகை என்ற சொல்லும் மேடையில் பட்ட பாடு கொஞ்சமில்லை. "என்றால் அது மிகையாகாது" என்று முடியாத பாராட்டுரை இன்று அரிது. பெரும்பாலும் அதற்கு முன்னால் வருவது மிகையாகத்தான் இருக்கிறது. காது குத்து விழாவில் தலைமை தாங்கியவரைக் கருணைக் கடல் என்று சொல்லிவிட்டு அதோடு மிகையாகாதைச் சேர்த்தால், சொல்பவர் மேலும் நம்பிக்கை போகிறது, சொல்லின் மேலும் போகிறது. அதை விட்டுவிட்டு, அவர் ஊருக்குச் செய்தது என்ன என்று இரண்டு வரி சொல்லலாம்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு: "குற்றச்சாட்டு மிகைப்படுத்தப்பட்டது என்று அமைச்சர் மறுத்தார்" என்று எழுதுங்கள். நிறுவனம் வருமானத்தைக் கூட்டிக் காட்டியிருந்தால் "மிகைப்படுத்திக் காட்டியது" என்றோ "கூடுதலாகக் கணக்குக் காட்டியது" என்றோ எழுதுங்கள். உயர்வு நவிற்சியைப் பாட்டுக்கு உரை எழுதும்போது எடுத்துக்கொள்ளலாம்.