வெரிகோசில்: நரம்பு வீக்கம் இல்லை, சிரைப் புடைப்பு

ஸ்கேன் அறிக்கையில் 'இடப்பக்க வெரிகோசில், கிரேடு 2' என்று வந்தால் பலரும் அதை 'விதைப்பையில் நரம்பு வீக்கம்' என்றே சொல்கிறார்கள். ஊசி போடும் ரத்தக்குழாயான சிரையையும் பேச்சில் நரம்பு என்றே சொல்லிப் பழகியதால் வந்த வினை இது. நரம்பு என்றதும் நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு என்று பயம் எங்கெங்கோ போய், லேகியத்திலும் தைலத்திலும் காசு கரைகிறது.

லத்தீனில் 'வேரிக்ஸ்' என்றால் புடைத்து முறுக்கிய சிரை, கிரேக்கத்தில் 'கேலே' என்றால் வீக்கம். இரண்டையும் ஒட்டவைத்த சொல்தான் வெரிகோசில். காலில் வரும் வெரிகோஸ் வெயினுக்கும் அதே வேர்தான். தமிழில் நான் 'விரைச்சிரைப் புடைப்பு' என்பேன், விரை என்றால் விதை. வெறுமனே 'விரை வீக்கம்' என்றால், விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ரோசிலோடு குழம்பிவிடும்.

விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகளில் வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கி அவை புடைக்கின்றன. இடப்பக்கச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது, அதனால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். நின்றபடி தொட்டால் பைக்குள் மண்புழுக்கள் சுருண்டு கிடப்பது போல இருக்கும், படுத்தால் வடிந்துவிடும். முக்கும்போது மட்டும் கைக்குத் தட்டுப்பட்டால் கிரேடு 1, சும்மா நின்றாலே தட்டுப்பட்டால் 2, கண்ணுக்கே தெரிந்தால் 3.

ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, அவர்களில் பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தகப்பன் ஆகிறார்கள். தேங்கிய ரத்தத்தின் சூடு சிலருக்கு விந்தணுவைப் பாதிக்கிறது. குழந்தை தள்ளிப்போய் விந்துப் பரிசோதனையிலும் குறை தெரிந்தால், வலி விடாமல் இருந்தால், அல்லது வளரும் பையனுக்கு அந்தப் பக்க விரை சிறுத்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். லேசான வலிக்கு இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடையே பல நேரம் போதும். விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் அறுவை முடிந்து மூன்று மாதமாவது கழித்துத்தான் மறுபரிசோதனை.

வலப்பக்கம் மட்டும் புதிதாக வந்தாலோ, படுத்தும் வடியாவிட்டாலோ வயிற்று ஸ்கேன் அவசியம், சிறுநீரகக் கட்டி சிரையை அழுத்திக்கொண்டிருக்கலாம். திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் அது விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.