"நான் கவனிக்கலை சார்"

வேலூரில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். சில ஷூ கம்பெனிகளிலும் ஒன்றிரண்டு அலுவலகங்களிலும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். பாலியல் தொல்லைப் புகார் வந்தால், கூட வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்போம். ஆண்கள் வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் சொல்வது ஒரே வரிதான்: "நான் கவனிக்கலை சார்."

ஒரு விசாரணையைச் சொல்கிறேன். குழுவில் நடப்பதை வெளியே பேசக் கூடாது என்று, வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. கிடைத்த நீதியைப் பற்றி, ஆள் அடையாளம் தெரியாமல் பேசலாம். அதனால் இங்கே ஊர், வயது, வேலை பலவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு ஷூ கம்பெனியின் ஸ்டிச்சிங் லைன். முப்பது பேருக்கு மேல் பெண்கள், நான்கே ஆண்கள். சூப்பர்வைசர், மெஷின் மெக்கானிக், அப்பர் (ஷூவின் மேல்பகுதி) கட்டுகளை எடுத்துவந்து வைக்கும் பையன், கடைசியில் தரம் பார்க்கிறவர். தையலைப் பார்க்கிற சாக்கில் சூப்பர்வைசர் ஒரு பெண்ணின் தோள்மேல் சாய்கிறார். டார்கெட் முடியாவிட்டால் "ஓவர்டைம் போடு, துணைக்கு நான் இருக்கேன்" என்கிறார். கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டைப் பிடிக்கிறார். ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் எழுதிக் கொடுத்தாள். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்பதால் காலக்கெடு பிரச்சினை வரவில்லை. பஸ்ஸில் நடந்தது எப்படி வேலையிடமாகும் என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் வேலையிடம்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

மற்ற மூன்று ஆண்களையும் கூப்பிட்டோம். மூன்று பேரும் கவனிக்கவில்லை. மெக்கானிக் மட்டும் அதைச் சொல்லும்போது மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

இதை வெறும் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கமிருந்து ஒரே பஸ்ஸில் வந்து போகிற ஜனங்கள். சூப்பர்வைசர் ஊர்க்காரராக இருப்பார், வேலை வாங்கிக் கொடுத்தவராக இருப்பார், தங்கச்சி கல்யாணத்துக்குக் கைமாற்று கொடுத்திருப்பார். "இன்னாத்துக்கு சார் வம்பு" என்பதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணும் அதே பஸ்ஸில்தானே வருகிறாள்? அவளுக்கும் கடன் இருக்கிறது, அவளுக்கும் ஊர் இருக்கிறது. கவனிக்கலை என்று சொல்லிவிட்டுப் போகிற வசதிதான் இல்லை.

இன்னொரு வகை ஆண்கள், கேட்காததைச் சொல்வார்கள். "அவர் ரொம்ப நல்லவர் சார், எனக்கு அண்ணன் மாதிரி." அது உண்மையாகவே இருக்கலாம். உங்களுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறவர் அவளிடம் எப்படி இருந்தார் என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. இதை நிறையப் பேர் சாட்சியம் என்றே நினைக்கிறார்கள். எழுதிக்கொள்வோம், எடை கிடையாது.

எடை எதற்கு உண்டு? இது கிரிமினல் கோர்ட் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். "கை வச்சதை நான் பார்க்கலை, ஆனா அவர் அந்தப் பக்கம் வந்தா அந்தப் பொண்ணு எழுந்து தண்ணி குடிக்கப் போயிடும்." இப்படி ஒரு வரியில் விசாரணை திரும்பிவிடும். ஆண்களிடம் நாங்கள் கேட்பது வீரம் இல்லை. பார்த்ததைப் பார்த்த அளவுக்குச் சொல்லுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

பொய்ப் புகாரைப் பற்றியும் கேட்பார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னதாக விசாரணையில் தெரிந்தால் நடவடிக்கைக்கு வழி இருக்கிறது. நிரூபிக்க முடியாமல் போனதால் மட்டும் புகார் பொய்யாகிவிடாது. நிரூபிக்க முடியாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் மேலே சொன்ன அந்த ஒற்றை வரிதான் என்பது என் அனுபவம்.

நானும் ஒழுங்கில்லை. ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு ஆபீசில் டைப் அடிக்க ஒரு பெண் வருவார். அங்கே வந்து போகும் ஒரு வக்கீல், அந்தப் பெண்ணின் புடவையைப் பற்றி தினமும் ஏதாவது சொல்வார். நாங்கள் நான்கு ஜூனியர்கள், நான்கு பேரும் சிரிப்போம். எனக்கு அது வேடிக்கையாகவே இருந்ததில்லை. பெரியவர் சொல்கிறார், சிரிக்காவிட்டால் தப்பாக நினைப்பார் என்று சிரித்தேன். ஒரு நாள் அந்தப் பெண் அவரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தார். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார். சிரிக்காமல் இருந்திருந்தாலே அந்தப் பேச்சு பாதி குறைந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஆள் சேராத இடத்தில் அந்த மாதிரிப் பேச்சு எடுபடாது. கூட இருக்கிற ஆண்களுக்காகத்தான் அதைப் பேசுகிறார்கள். பெண் ஊழியரின் போட்டோவை ஆண்கள் மட்டும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் இதே கதைதான். "டெலிட் பண்ணு" என்று ஒருத்தர் எழுதினால் போதும், போட்டவருக்கு அடுத்த தடவை கை வராது.

புகார் என்று வந்ததும் சமாதானம் பேச ஆண்கள் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுவார்கள். சங்கத்து ஆள், ஊர்ப் பெரியவர், சொந்தக்காரர். "பேசி முடிச்சிக்கலாம்மா, குடும்பம் இருக்கு." சமரசம் என்பது, விசாரணை தொடங்கும் முன் அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும், குழு வழியாக நடக்க வேண்டியது. பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. ஊர்ப் பெரியவருக்கு அங்கே வேலை இல்லை. (வக்கீலுக்கும் இல்லை. குழுவின் முன் யாருக்காகவும் வக்கீல் ஆஜராக முடியாது. எங்கள் ஆட்கள் சிலருக்கு இதில் வருத்தம்.)

சரி, உதவ நினைக்கிறவர் என்ன செய்வது? முதலில் அவளிடம் கேளுங்கள். கேட்காமல் அந்த ஆளை அடிக்கப் போவது, அவளை வேறு லைனுக்கு மாற்றச் சொல்வது, வீட்டுக்குத் தகவல் சொல்வது எல்லாம் அவள் தலையில்தான் விடியும். வீட்டில் தெரிந்து வேலையை நிறுத்திவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். அவளால் புகார் கொடுக்க முடியாத நிலை என்றால், விஷயம் தெரிந்த யாரும், கூட வேலை செய்கிறவர் உட்பட, அவள் எழுத்து மூலம் தரும் சம்மதத்தோடு கொடுக்கலாம். இந்த விதி பல ஹெச்ஆர் அதிகாரிகளுக்கே தெரியாது. பத்துப் பேருக்குக் குறைவான தோல் ஷாப்பு, துணிக்கடை என்றாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரோடு போய்விட்டன, சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ராணிப்பேட்டையோடு. பழைய நினைப்பில் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு வந்து அலைய வேண்டாம்.

அந்த மெக்கானிக் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். கையில் ஒரு நோட்டு. ஷூ கம்பெனியில் ஊசி ஒடிந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, மெஷின் நம்பரும் நேரமும் எழுத வேண்டும். ஒடிந்த துண்டு ஷூவுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. அந்தப் பெண்ணின் மெஷினில் மட்டும் ஐந்து மாதத்தில் இருபத்திரண்டு ஊசி. அவள் புகாரில் எழுதியிருந்த தேதிகள் எல்லாமே அதில் இருந்தன. "அவர் பின்னாடி வந்து நின்னா அதுக்குக் கை நடுங்கும் சார். ஒடிஞ்ச ஊசிய மாத்த நான் போவேன். அவர் அங்கயே நிப்பார்" என்றார். முன்பு ஏன் சொல்லவில்லை என்று குழுத் தலைவர் அம்மா கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து அவரைக் காட்பாடியில் பார்த்தேன். சூப்பர்வைசர் வேலையில் இல்லை, அந்தப் பெண் அதே மெஷினில் இருக்கிறாள். உங்களுக்கு ஏதும் தொந்தரவு உண்டா என்று கேட்டேன்.

"வேலைல ஒண்ணும் இல்ல சார். டீ டைம்ல யாரும் கூப்பிடறதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போன வாரத்துலேர்ந்து அந்த தரம் பாக்கறவர் மட்டும் வர்றார்."