சைக்கிள் விளக்கை நீங்களே செய்கிறீர்களா? முதலில் சூட்டைக் கவனியுங்கள்

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர், தானே செய்த சைக்கிள் விளக்கைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். பிவிசி குழாய்த் துண்டுக்குள் 10 வாட் எல்இடி. அதனோடு நேராக இணைத்த ஒற்றை 18650 (உருளை வடிவ) லித்தியம் செல். முதல் நாள் சாலையே பளிச்சென்று தெரிந்ததாம். இரண்டே வாரத்தில் வெளிச்சம் மங்கி, குழாயும் ஒருபுறம் நெளிந்துவிட்டது.

இதே தவற்றைப் பலரிடம் பார்க்கிறேன். எல்இடியில் வோல்டேஜ் சற்று ஏறினாலே மின்னோட்டம் பலமடங்கு ஏறும். சூடாகச் சூடாக, அதே வோல்டேஜில் இன்னும் அதிகமாக இழுக்கும். இழுத்தால் மேலும் சூடாகும். இதைக் கட்டுப்படுத்தத்தான் மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் டிரைவர் போர்டு. அதை விட்டுவிட்டு விளக்குச் செய்யவே கூடாது.

எல்இடிக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. குண்டு பல்பு தன் சூட்டைப் பெரும்பாலும் கதிராக வெளியே வீசிவிடும். எல்இடியின் சூடு அதன் முதுகு வழியாகத்தான் இறங்க வேண்டும். அங்கே பிளாஸ்டிக் இருந்தால் சூட்டுக்குப் போக்கிடம் ஏது? எல்இடியைக் கனமான அலுமினியத்தில், இடையே மெல்லிய பூச்சாகச் சூட்டைக் கடத்தும் ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி, திருகாணியால் இறுக்குங்கள். பேஸ்ட்டை அப்பினால் அதுவே தடையாகும். ஓடும்போது காற்று குளிர்விக்கும். சிக்னலில் நிற்கும்போது குளிர்விக்காது. ஆகவே காற்றில்லாத அறையில் அரை மணி நேரம் எரியவிட்டு, அலுமினியத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஐந்து விநாடி விரல் வைக்க முடியவில்லையென்றால் மின்னோட்டத்தைக் குறையுங்கள்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது அந்த செல். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்து, அதன் முனையிலேயே சால்டர் வைத்திருந்தார், மேலுறை கருகியிருந்தது. அந்தச் சூட்டில் உள்ளே இரு மின்முனைகளையும் ஒட்டாமல் வைத்திருக்கும் பிரிப்புத்தாள் கெட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். நிக்கல் பட்டை பற்றவைத்த, பாதுகாப்பு போர்டு உள்ள புதிய செல்லையே வாங்குங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லுக்கு மறுபடி சார்ஜ் ஏற்றாதீர்கள்.

அந்த விளக்கை அலுமினியச் சதுரக் குழாயில், 1 ஆம்பியர் டிரைவருடன் மாற்றி அமைத்தோம். அந்த எல்இடி முழு 10 வாட்டில் எரிய ஏறக்குறைய 3 ஆம்பியர் வேண்டும், இது அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் வெளிச்சம் அந்த அளவுக்குக் குறையவில்லை, ஏனென்றால் குறைந்த மின்னோட்டத்தில் எல்இடி ஒவ்வொரு வாட்டுக்கும் தரும் வெளிச்சம் கூடுகிறது. பிறகு சைக்கிளைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒளியின் நடுப்பகுதி விளக்கின் உயரத்துக்குக் கீழே விழும்படி சாய்த்தோம். பழைய சாய்வில் அது எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராகப் பாய்ந்துகொண்டிருந்தது.