மேலே ஏற்றிவிட்டால் பேக்கப் ஆகிவிடாது

மன்னார்குடிப் பக்கம் ஒரு மொத்த உரக்கடை. கணக்கெல்லாம் இருந்த, மூலையில் இரைந்துகொண்டிருந்த சர்வர் கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு, "எல்லாம் இப்ப கிளவுடுலதான்" என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடி மாதம், குறுவைக்கு யூரியாவும் டிஏபியும் வாங்க ஆட்கள் நிற்கிற நேரத்தில், ஜிஎஸ்டி நோட்டீஸ் ஒன்றுக்குப் பதில் எழுத ஆடிட்டர் 2022-23 கணக்கைக் கேட்டார். தேடினால் அந்த வருடமே இல்லை. அதற்கு முந்தின வருடங்களும் இல்லை. கணக்கு எழுதுகிற பையனைக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. சித்திரையில் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது. பழைய ஃபோல்டர்களை அழித்து இடம் பண்ணியிருக்கிறான். "மேலதான் இருக்குல்ல சார்?"

இல்லை. முதலாளி கிளவுடு என்றது, கடைக் கம்ப்யூட்டர் ஃபோல்டரை இணையத்தில் இருக்கிற கூகுள் டிரைவோடு இணைத்து வைத்ததைத்தான். கீழே, அதாவது கம்ப்யூட்டரில், அழித்த அன்றே மேலேயும் அழிந்துவிட்டது. கூகுள் டிரைவில் குப்பைத்தொட்டிக்குப் போன ஃபைல் 30 நாள்தான் இருக்கும், அப்புறம் தானாகப் போய்விடும். ஆடியில் தேடி என்ன பயன்? பழைய சர்வரிலாவது பார்க்கலாம் என்றால் அது எடைக்குப் போயிருந்தது. இப்போது ஜிஎஸ்டி போர்ட்டலில் கிடைக்கிற ரிட்டர்ன்களையும் அட்டைப்பெட்டியில் கிடக்கிற பில் கட்டுகளையும் வைத்துத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கும்பகோணத்துப் பாத்திரக்கடை, திருவாரூர்ப் பக்கத்து அரிசி ஆலை என்று ஊரும் தொழிலும்தான் மாறுகின்றன, கதை இதேதான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை டிரைவோடு இணைத்து வைப்பதற்குப் பெயர் சின்க். அது பேக்கப் இல்லை. இங்கே செய்வதை அங்கேயும் செய்வதுதான் சின்க்கின் வேலை. இங்கே சேர்த்தால் அங்கே சேரும், இங்கே அழித்தால் அங்கே அழியும், இங்கே கெட்டுப்போனால் கெட்டதே அங்கேயும் போய் உட்காரும். பணம் கேட்டு மிரட்டுகிற ரான்சம்வேர் என்ற வைரஸ் வந்து உங்கள் ஃபைல்களையெல்லாம் பூட்டினால், பூட்டிய ஃபைலை உடனுக்குடன் மேலே ஏற்றிக் கொடுப்பதும் அதே சின்க்தான். தவறு அதன்மேல் இல்லை, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பேக்கப் என்றால் நேற்றைய நிலை, போன வாரத்து நிலை, போன மாதத்து நிலை என்று தனித்தனியாக, இன்று நீங்கள் செய்கிற எதுவும் போய்த் தொடாத இடத்தில் இருக்க வேண்டும். விற்கிற நெல்லையும் விதைநெல்லையும் ஒரே குதிரில் கொட்டுகிறவர்கள் இல்லை நீங்கள். கணக்கில் மட்டும் ஏன் இப்படி?

டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. டாலியின் டேட்டா ஒரே ஃபைல் இல்லை, பல ஃபைல்கள் சேர்ந்தது. நீங்கள் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போதே சின்க் அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றினால், பாதி பழசும் பாதி புதுசுமாக மேலே நிற்கும். இரண்டு கிளைகளிலிருந்து ஒரே டிரைவ் ஃபோல்டரைத் திறந்து வேலை பார்ப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். டாலிக்குள்ளேயே பேக்கப் ஆப்ஷன் இருக்கிறது. கடை அடைக்கும்போது அதில் எடுத்து, தேதி போட்ட ஃபோல்டரில் வைத்து, அதை மேலே ஏற்றுங்கள்.

"நாங்க டிரைவ் இல்ல சார், நிஜமான கிளவுடு சர்வரே வாடகைக்கு எடுத்திருக்கோம்" என்பவர்களும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். சர்வர் ஓடுவதற்குத்தான் அவர்கள் பொறுப்பு, உள்ளே இருக்கிற கணக்குக்கு நீங்கள்தான். ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேரத்துச் சர்வரை அப்படியே எடுத்து வைக்கிற நகல்) பேக்கப்பும் பெரும்பாலும் தனிச் சேவை, தனிக் காசு. நீங்கள் கேட்டு ஆன் செய்யாவிட்டால் நடக்காது. சின்னக் கடைக்கு மட்டும்தான் இந்த ஆபத்து என்றும் இல்லை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவில் டேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்ததில், அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சேமித்து வைத்த ஜி-டிரைவ் (கூகுளுடையது இல்லை, அந்த அரசினுடையது) 858 டெராபைட்டோடு போயிற்று. வேறு இடத்தில் நகல் இல்லை. அதற்கு முந்தின வருடம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியின் கிளவுடு அமைப்பே கூகுள் பக்கத்துத் தவறான அமைப்பால் அழிந்தது. அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்ததால் மீண்டார்கள்.

அடுத்தது, கணக்கு யார் பெயரில்? கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிவதில்லை. அமைத்துக் கொடுத்தவர் தன் மெயிலில் திறந்திருப்பார், ஓடிபி கணக்கெழுதும் பெண்ணின் ஃபோனுக்குப் போகும், பணம் மச்சானின் கார்டில் கழியும். அந்தப் பெண் கல்யாணமாகித் திருச்சிக்குப் போன பிறகு லாகின் ஆகாமல் தவிப்பார்கள். கார்டு காலாவதியானால் நினைவூட்டும் மெயில் யாரும் திறக்காத பெட்டிக்கு வரும், ஒருநாள் சர்வர் நிற்கும். முதலாளியின் பெயர், கடையின் மெயில், கடையின் நம்பர், இரண்டு படிச் சரிபார்ப்பு. இதில் பேரமே கிடையாது. இதையெல்லாம் அமைத்துக் கொடுக்கிற என்னைப் போன்றவர்களிடமும் முழு அதிகாரத்தைக் கொடுத்து வைக்காதீர்கள், வேலைக்கு வேண்டியதை மட்டும் கொடுங்கள்.

வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைந்து வேலை பார்க்கிற ரிமோட் டெஸ்க்டாப்பை அப்படியே இணையத்தில் திறந்து வைத்து, கடைப் பெயரோடு 123 சேர்த்து பாஸ்வேர்டு வைப்பவர்களுக்கு என்ன சொல்வது? உலகம் முழுக்க இதற்கென்றே தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உங்கள் ஊர் சின்ன ஊர் என்பது தெரியாது. உங்கள் ஆட்கள் மட்டும் நுழைகிற தனி வழியான விபிஎன் போடச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேணாம்ணே, சும்மா ஸ்லோவாகும்" என்று சொல்கிறவரை மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் மேலே கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆலை வாசலில் இருக்கிற எடைமேடை, கம்ப்யூட்டரோடு ஒயரில் பேசுகிற சாதனம். சாலையில் குழி தோண்டி ஃபைபர் அறுந்தால் லோடு லாரி எடை போடாமல் நிற்கக் கூடாது. எடை மென்பொருள் அங்கேயே ஓடட்டும், நாள் முடிவில் விவரம் மட்டும் மேலே போகட்டும். டாங்கிள் என்ற சின்னச் சாவிக் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் ஓடும் பழைய பில்லிங் மென்பொருள்களையும் மாற்றுவதற்கு முன் எழுதியவரிடம் கேளுங்கள். மாற்றிய பிறகு கேட்பதுதான் இங்கே வழக்கம்.

ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2022-23க்குக் கெடு 2023 டிசம்பர் 31. அதாவது 2029 முடியும்வரை. பிரைவேட் லிமிடெட் என்றால் தினசரி பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். மலிவு என்று அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். மும்பை, ஹைதராபாத், சென்னை, புனே என்று இங்கேயே இடம் இருக்கிறது.

பழைய சர்வரை ஒரு முழு நிதியாண்டு முடியும்வரை விற்காதீர்கள். தூசி தட்டி, இணையத்திலிருந்து பிரித்து வைத்தால் போதும். மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு நாள் கணக்கை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஏற்றியது தெரியும், இறங்குமா என்பது யாருக்கும் தெரியாது என்ற நிலையில்தான் பல கடைகள் இருக்கின்றன.

கிளவுடே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது கூரையோடு சர்வரையும் இழந்த கடைகளைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். டேட்டா மும்பையில் பத்திரமாக இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் புயலில் கரண்டும் டவரும் சேர்ந்தே போயின, பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கானது. அதனால் ஐப்பசி பிறந்ததும் கடன் பாக்கிப் பட்டியலையும் ஸ்டாக் பட்டியலையும் அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பாக்கிக்காரர்களின் ஃபோன் நம்பரும் அதில் இருக்கட்டும்.